பம்புக்குக் கட்டிய மாலை

நாலு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்த வருஷம் அது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் நடந்தது. நடந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. நான் செய்தது.

எங்கள் தெரு கண்மாய்க்கு இறக்கத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பஞ்சு வியாபாரம் பார்த்தவர். மூடை அடுக்குவதற்காகத் தரைக்குக் கீழே பத்துப் படி இறங்குகிற மாதிரி ஓர் அறை கட்டினார். அவரும் போனார், வியாபாரமும் போனது, அறை மட்டும் கிடந்தது. கண்மாய் பெருகிவிட்டால் அந்த அறையின் மூலையில் ஊற்றுக் கசியும். அதற்காகவே அங்கே ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தார். குழி நிறைந்தால் வாளியால் அள்ளி மேலே கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த அறையையும், பின்பக்கத்தில் இருந்த சின்ன வீட்டையும் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு வாடகைக்கு விட்டேன். அந்தப் பெண் செட்டியார்பட்டிக்காரி. மூன்று தையல் மிஷின் போட்டு, கூட இரண்டு பெண்களை வைத்து நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். அவள் புருஷன் தூத்துக்குடிப் பக்கம். மீன்பிடி போட்டுகளில் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் அவர் அங்கே, இவள் இங்கே. கடைசியில் இவள்தான், கடலும் வேண்டாம் போட்டும் வேண்டாம், கஞ்சியோ தண்ணியோ ஒரே இடத்தில் இருந்து குடிப்போம் என்று பிடிவாதம் பிடித்து அழைத்து வந்தாள். அவருக்கு இங்கே நிலையான வேலை எதுவும் அமையவில்லை. மோட்டார் ரிப்பேர், ஒயரிங் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் நான் அவரை ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவேன். இப்போது சொல்லும்போது ‘அவர்’ என்றுதான் வாயில் வருகிறது.

அவர்கள் குடிவந்த முதல் மழைக்கே கீழ் அறையில் தண்ணீர் கசிந்துவிட்டது. அந்தத் தம்பி தன் ஊருக்குப் போய் ஒரு பம்பு வாங்கி வந்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னச் செம்பு அளவுதான் இருந்தது.

“இது என்னலே, கைக்குள்ள அடங்குது. இதுவா தண்ணி எறைக்கும்?”

“போட்டுக்கு அடியில வைக்கிற பம்பு ஆச்சி. போட்டுன்னா கொஞ்சம் கொஞ்சமா உள்ள தண்ணி வரத்தான் செய்யும். ஆளு இல்லாட்டியும் இது தன்னால எறைச்சுக்கிடும்.”

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, “ஆச்சி வீடு மெதக்கப் போகுதாம்டி, ஏறிக்கிடுறவுக ஏறிக்கோங்க” என்று தெருவுக்கே சொன்னாள். கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டுக்கு ‘போட்டு வீடு’ என்றே பெயர்.

பம்புக்குப் பக்கத்தில் நாக்கு மாதிரி ஒரு தகடு இருந்தது. தண்ணீர் ஏறினால் அது மிதந்து மேலே தூக்கும், பம்பு ஓடும். தண்ணீர் இறங்கினால் நாக்கு படுத்துக்கொள்ளும், பம்பு நின்றுவிடும். இடையில் சுவிட்சு கிடையாது. சுவிட்சு வைத்தால் யாராவது அணைத்துவிட்டு மறந்துபோவார்களாம். கரண்டிலும் கொடுக்கவில்லை. மழை வந்தால் முதலில் போவதே கரண்டுதானே. சுவரில் உயரமாகப் பலகை அடித்து ஒரு பேட்டரியை ஏற்றி, பம்பை அதில் சேர்த்தார். கரண்டு இருக்கும்போது சார்ஜர் அந்தப் பேட்டரியை நிரப்பிவிடும். பைப்பில் நிற்கிற தண்ணீர் திரும்பக் குழிக்குள் விழுந்தால் பம்பு வீணாக மறுபடி மறுபடி ஓடும் என்று அதற்கும் நடுவில் ஒரு வால்வு வைத்தார். ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக் காட்டித்தான் செய்தார்.

“இது ஓடுறதைவிட நிக்கிறதுதான் ஆச்சி முக்கியம். கடல்ல முங்குன போட்டைவிட, கரையில கட்டிக் கெடக்கையில முங்குன போட்டைத்தான் நான் நெறையப் பாத்திருக்கேன். நாக்குல ஏதாவது சிக்கிக்கிட்டா, தண்ணி இல்லாட்டியும் பம்பு ஓடி ஓடி பேட்டரியைக் குடிச்சிரும். பொறவு நெசமாத் தண்ணி வாரப்ப அதுக்கு சத்து இருக்காது. ஒரு நூலு, ஒரு துணிக் கிழிசல் சிக்கினாலும் போச்சு.”

தையல் அறை அல்லவா, நூல் பறக்கும். அதனால் குழிக்கு மேலே கம்பி வலையும் போட்டு மூடினார். “எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஒட்டிரவா ஆச்சி?” என்று கேட்டார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். அது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று, “ஏன், எனக்கு ஞாபகம் இருக்காதாக்கும்?” என்று சொல்லிவிட்டேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் ஒரு வாளி தண்ணீர் அள்ளவில்லை. கீழே லேசாக முனகும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். போட்டு வீடு என்று கேலி பேசியவர்களே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தன் கடைக்கு அடியில் இருக்கிற சரக்கு அறைக்கும் இதே மாதிரி வைக்க வேண்டும், இன்னும் நாலைந்து கடைக்காரர்களும் கேட்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் ஆரம்பிப்பதாகப் பேச்சு. அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போதுதான் தெளிச்சி வந்தது. இனிமேல் அவர் கடலுக்குப் போக வேண்டியதில்லை அல்லவா.

ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. அவர்கள் காலையிலேயே தையல் மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவருடைய அம்மாவைப் பார்க்க ஊருக்குப் புறப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு வெட்டி வைத்த நைட்டித் துணியெல்லாம் கட்டுக் கட்டாகக் கீழே தரையில் பாய் விரித்து அடுக்கியிருந்தது. “பாத்துக்கோங்க ஆச்சி” என்றாள். “போயிட்டு வா தாயி, நான் இருக்கேன்ல” என்றேன்.

சாயங்காலம் நான் தனியாகக் கீழே இறங்கினேன். அரிவாள்மனை முதற்கொண்டு ஒன்று விடாமல் பொட்டு வைத்தாகிவிட்டது. நம் வீட்டையே காப்பாற்றிய பம்பை எப்படி விடுவது? அந்தப் பிள்ளைகள் அதை மறந்துவிட்டார்களே என்று எனக்கு ஒரு பெருமைகூட. வலையைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் பம்பெல்லாம் பாசி. இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பம்பு முனகி ஓடி அந்தத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தது. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வாழைநாரில் கட்டிய செவ்வந்திச் சரத்தை எடுத்தேன். சும்மா மேலே போட்டால் பூ அந்த அழுக்குத் தண்ணீரில் விழுந்துவிடும். சாமிக்கு வைத்த பூ அப்படி விழலாமா? பம்பையும், தண்ணீரில் தூக்கி நின்ற அந்த நாக்கையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, நாரை இழுத்து முடிச்சுப் போட்டேன். வெகு இறுக்கமான முடிச்சு. பம்பு முனகிக்கொண்டே இருந்தது. நான் ஊற்றிய தண்ணீரைத்தான் இறைக்கிறது என்று நினைத்தேன். பூஜையை ஏற்றுக்கொண்டு பேசுகிறது என்றுகூட நினைத்துக் கும்பிட்டேன். பிறகு, மிஷினுக்கெல்லாம் ஓய்வு கொடுக்கிற நாள் என்று வருஷா வருஷம் செய்கிற மாதிரி கீழ் அறை மெயினை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மேலே வந்துவிட்டேன். மெயினை அணைத்தால் சார்ஜரும் நின்றுபோகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை புரட்டாசிக் கடைசிச் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். என் மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறிச் சேவித்துவிட்டு இறங்குகையில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. படியெல்லாம் ஓடையாக ஓடியது.

“அம்மா, நம்ம வீட்டுக் கீழ தண்ணி வந்துராது?” என்று மகள் கேட்டாள்.

“பம்பு இருக்குட்டி. ஆளே வேண்டாம், அது பாத்துக்கிடும்” என்றேன், பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக. அன்றைக்கு மகள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால் எங்கள் வாசலில் கூட்டம். அவர்களும் அப்போதுதான் வந்திருந்தார்கள். கீழ் அறையில் முழங்கால் அளவுத் தண்ணீர். வெட்டி வைத்த துணியெல்லாம் முங்கி, சிவப்புச் சாயம் இறங்கி, தண்ணீரே ரத்தம் மாதிரி இருந்தது. அந்தப் பெண் மேல் படியில் உட்கார்ந்து, ஒரு ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். இத்தனை பேர் பார்க்க என் வீடு இப்படி ஆகிவிட்டதே என்கிற கோபம்.

“பாத்தியாட்டி ஒன் புருஷன் வேலையை! போட்டுக்கு வைக்கிறதைக் கொண்டாந்து வீட்டுல வச்சா இப்பிடித்தான். நம்பி ஊருக்குப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

தெரு முழுக்கக் கேட்டது. அந்தத் தம்பி என்னைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கினார். மூலைக்குப் போய், குனிந்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். பம்பைத் தூக்கி எடுத்தார்.

நான் மூன்றாவது படியில் நின்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது. பூவெல்லாம் ஊறிக் கறுத்துத் தொங்கியது. என் முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. நாக்கு பம்போடு ஒட்டி, மேலே தூக்கிய மேனிக்கு நின்றது. அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நூல் சிக்கினாலும் போச்சு என்று சொன்னாரே, நான் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன்.

அவர் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தார். நாரைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு மேலே நின்றவர்களிடம், “பேட்டரி செத்துருச்சு” என்று மட்டும் சொன்னார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். “பழைய பேட்டரியைத் தலையில கட்டிட்டான் போல” என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று தெரிந்துகொண்டு சொன்னேன். இத்தனை வயசில் எத்தனையோ பேசியிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தை மாதிரி இன்னொன்று என் வாயிலிருந்து வந்ததில்லை.

ரெண்டு நாள் கழித்து ஜவுளிக்கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். “ஆச்சி வீட்டுல தண்ணி வந்துருச்சாமே, அந்த ஆளை நம்பி வேலை குடுக்கலாமான்னு மொதலாளி கேக்கச் சொன்னாக” என்றான் வந்தவன். எங்கள் தெருவில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. “யோசிச்சுச் செய்யச் சொல்லு” என்றேன். பொய் இல்லை பாருங்கள். உண்மையும் இல்லை.

அதற்குப் பிறகு பின்பக்கத்து வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்கும். “ஒரு பம்பு ஒழுங்கா வைக்கத் தெரியலை, நீ என்னத்த மெக்கானிக்கு? இருக்கிற ஒரு வேலையும் போச்சு. போ, கடலுக்கே போ, ஒனக்கு அதுதான் லாயக்கு.” அவர் பதில் பேசுகிற சத்தமே வராது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்காவது சொல்லிவிடுவார், என் பெயர் வெளியே வந்துவிடும் என்று பயமாக இருக்கும். அவர் சொல்லாதபோது அதைவிடக் கஷ்டமாக இருக்கும். நனைந்த துணிக்கு ஈடாக வேறு துணி வாங்கிக் கொடுத்தேன். அதை அந்தப் பெண் என் பெருந்தன்மை என்று நினைத்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆண்டாளுக்கு ஒரு மாலை சாத்தி, மனசில் இருப்பதை அங்கே இறக்கி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம். மனுஷரிடம் சொல்வதைவிடச் சாமியிடம் சொல்வது லேசுதானே. கோவில் வாசலில் பூக்காரம்மா மாலையின் நுனியை முடிந்துகொண்டே, “எறுக்கி முடிஞ்சிரவா ஆச்சி, இல்ல கொஞ்சம் லேசா விடட்டுமா?” என்று கேட்டாள். தினமும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். அவள் விரலில் அந்த நார் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோவிலுக்குள் போகக் கால் வரவில்லை. மாலையை உடன் வந்திருந்த மகள் கையில் கொடுத்து, “நீ சாத்திட்டு வா, எனக்கு வீட்டுல ஒரு சோலி கெடக்கு” என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பின்வீட்டு வாசலில் அவருடைய பை கட்டி வைத்திருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உள்ளே முகத்தைக் காட்டாமல் நின்றாள்.

“எங்க தம்பி போறீக?” என்றேன். முதல் தடவையாக ‘போறீக’ என்றேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

“தூத்துக்குடிக்கு ஆச்சி. போட்டுக்காரர் கூப்பிட்டுருக்காரு. வாரேன்னு வார்த்தை குடுத்துட்டேன்.”

திட்டியது தெருவில் நின்று. அதனால் சொல்வதையும் தெருவில் நின்றே சொன்னேன். குரல் எழும்பவில்லை. குழாயடியில் இருந்தவர்கள், “என்ன ஆச்சி, கேக்கலை” என்றார்கள். இன்னொரு தரம் சொல்ல வேண்டியதாயிற்று. “பம்பு மேல தப்பு இல்ல. அவிய மேலயும் தப்பு இல்ல. ஆயுத பூசைக்கு நான்தான் பூவைச் சுத்தி அந்த நாக்கைக் கட்டிப் போட்டேன். மெயினையும் நான்தான் அணைச்சேன். அவிய நாரை எடுத்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் அப்பிடிப் பேசினேன்.”

குடம் நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“நீங்க கட்டிப்போட வேண்டிய நாக்கு அது இல்ல ஆச்சி” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். என் வீட்டுக்காரர்கூட என்னை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. புருஷன் பக்கம் திரும்பி, “ஏன்யா, ஒனக்கும் வாய் இல்லையா? நானும்ல ஒன்னைப் போட்டு அந்தப் பேச்சுப் பேசிட்டேன்” என்று சொல்லி அழ ஆரம்பித்தாள்.

நானும் அதைத்தான் கேட்டேன். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி?”

அவர் பையைத் தோளில் மாட்டினார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நிதானமாகத்தான் கேட்டார். “சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா ஆச்சி?”

நம்பியிருக்க மாட்டேன். எங்கிருந்தோ வந்தவன், வாடகைக்கு இருப்பவன், சாமிக்கு வைத்த பூவின்மேல் பழி போடுகிறான் என்று இன்னும் நாலு பேரைக் கூட்டியிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

ஜவுளிக்கடைக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாக எழுந்து நின்று கேட்டார். ஆனால் வேலையை முந்தின நாளே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். கொடுத்த வார்த்தையை மாற்ற முடியாது என்றார். அந்தத் தம்பியும் அதையேதான் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். எல்லோரும் வார்த்தையைக் காப்பாற்றுகிறவர்கள்தான்.

அந்தத் தீபாவளிக்கு அந்தப் பெண் தனியாகத்தான் இருந்தாள். ராத்திரி பகல் பாராமல் தைத்து ஆர்டரை முடித்தாள். தீபாவளியன்று நான் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் ‘ஆச்சி’ என்று ஒரு குரல் கொடுப்பாள். அது நின்றுபோயிருந்தது.

தை மாசம் அவர் திரும்பி வந்தார். நான் சொன்னதைக் கேள்விப்பட்ட கடைக்காரர்களில் ஒருவர் தன் குடோனுக்குப் பம்பு வைக்கக் கூப்பிட்டிருந்தார். அதிலிருந்து ஒவ்வொன்றாக வேலை வந்தது. இப்போது செட்டியார்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவரைத் தேடி வருகிறார்கள். அவர்கள் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் அந்த மூன்று மாசத்தை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது.

வந்ததும் அவர் முதலில் செய்தது எங்கள் கீழ் அறை வேலைதான். மொட்டை மாடியில் சின்னதாக ஒரு சோலார் தகடு வைத்து, அதிலிருந்து பேட்டரிக்கு ஒயர் இழுத்தார். இனிமேல் மெயினை யார் அணைத்தாலும் வெயில் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும். பிறகு என் அடுப்படிச் சுவரில் ஒரு சின்னச் சிவப்பு லைட்டை வைத்தார். “கீழ பம்பு ஓடினா இங்க எரியும் ஆச்சி. செத்த நேரத்துல அணையணும். அணையலைன்னா ஒரு சத்தம் குடுங்க, நான் வாரேன்.” எழுதி ஒட்டட்டுமா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். பெரிய எழுத்தாக எழுதி ஒட்டியிருக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன், அவர் முன்னாலேயே.

ஆயுத பூஜைக்குப் பம்புக்குப் பொட்டை அதற்கு மேலே உள்ள சுவரில் வைக்கிறேன். பூ கிடையாது. ஏன் ஆச்சி பூ வைக்கவில்லை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் முகம் சுடுகிறது. சுடட்டும் என்று சொல்கிறேன்.

மழை நாளில் அந்தச் சிவப்பு லைட் எரிந்தால், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கீழே அந்த நாக்கு தன் வேலை முடிந்து படுத்து, லைட் அணைகிற வரைக்கும் நானும் வாயைத் திறப்பதில்லை.